ஆறாம் வகுப்பு வாசலில் ஒரு பையன்: வேலூர் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் குடியாத்தத்தில் பீடி சுற்றும் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்றும் பீடி சுற்றுகிறார். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பிறகு எங்கள் மையம் நின்றது. பிள்ளைகள் வருவது நிற்கவில்லை, அதனால் நானும் நிறுத்தவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2025 மே மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஓய்ந்த கையோடு பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தன. மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம், வேலூர் 85.44. 38 மாவட்டங்களில் நாம்தான் கடைசி. முந்தைய ஆண்டு, 2024-ல், மாநிலம் 91.55, வேலூர் 82.07. அப்போதும் கடைசி. 2019-ல் பழைய மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது, சிறிய மாவட்டமானால் நிர்வாகம் பக்கத்தில் வரும், எல்லாம் சரியாகும் என்று பேசிக்கொண்டோம். கலெக்டர் ஆபீஸ் யாருக்குப் பக்கத்தில் வந்ததோ தெரியாது, எங்கள் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

"நம்ம ஜில்லா எப்பவும் இப்படித்தான்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்து வருகிறார்கள். வி.ஐ.டி.யில் படிக்க நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அதே மாவட்டத்துப் பையன்கள் பத்தாவதோடு நின்று பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வண்டி ஏறுகிறார்கள், இல்லையென்றால் ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினாறு வயதில் அதைத் தவிர வேறு வழியே இல்லாமல் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

முடிவு வந்த பிறகு என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆய்வுக் கூட்டம் நடக்கும். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் எழுந்து நின்று பதில் சொல்வார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்கும் மாணவர் பட்டியல் போடுவார்கள், காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு வைப்பார்கள். கணக்கில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டுக்கும் எட்டு எட்டு மதிப்பெண். பதினான்கு ஒரு மார்க் கேள்விகளையும் மனப்பாடம் செய்துவிட்டால் முப்பதாச்சு. எங்கிருந்தாவது இன்னும் ஐந்து வந்தால் பாஸ். இருட்டிய பிறகும் பள்ளியில் உட்கார்ந்து, கைக்காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பத்தாம் வகுப்பில் வெளியே தெரிவது நான்கைந்து வருடத்துக்கு முன்னால் நடந்து முடிந்த விஷயம். அந்த இடத்துக்கு உங்களை அழைத்துப்போகத்தான் இந்த மடல்.

போன வருடம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் என்னிடம் வந்தான். பெயர் வேண்டாம். நோட்டைப் பிரித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலக் கையெழுத்து. குண்டு குண்டாக, கோட்டை விட்டு இறங்காமல், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் டிக். தமிழ், சமூக அறிவியல், அறிவியல், எல்லா நோட்டும் அப்படியே. "இதைக் கொஞ்சம் படிடா கண்ணு" என்றேன். நோட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். அவன் எழுதியதுதான், அவனுக்குப் படிக்க வரவில்லை. போர்டில் இருப்பதைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி எழுத்தை வரைந்திருக்கிறான். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டினான். 'கு' தெரிந்தது, 'டை' தெரிந்தது, 'குடை' என்று சேர்த்துச் சொல்ல வெகுநேரம் ஆனது.

அப்புறம் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற, இவன் எதிரே உட்கார்ந்து நுனி மடக்கிக் கட்டு போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கட்டுக்கு 25 பீடி. "எத்தனை கட்டுடா ஆச்சு?" என்று அம்மா கேட்க, தலையை நிமிர்த்தாமல், "ஏழு கட்டும்மா, நூத்தி எழுவத்தஞ்சு. ஆயிரத்துக்கு இன்னும் முப்பத்திமூணு கட்டு" என்றான். நான் அசந்துபோனேன். மறுநாள் சிலேட்டில் 25-ஐ ஏழால் பெருக்கச் சொன்னேன். ஐந்தை ஏழால் பெருக்கி 35 என்று எழுதினான், இரண்டை ஏழால் பெருக்கி 14-ஐ அதன் முன்னால் எழுதினான். விடை 1435. "ஏழு கட்டுல ஆயிரத்து நானூறு பீடியா இருக்கும்?" என்று கேட்டதும் சிலேட்டை வாங்கிப் பார்த்தான், தானே அழித்தான். ஏழு கட்டைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி போட்டான். அன்றைக்கு ஒரு கணக்கு சரியாக வந்தது. அவன் மந்தமான பிள்ளை என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

ஐந்து வருடம் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைக்கு எப்படிப் படிக்க வராமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சேர்ந்தார்களே தவிர, வகுப்பறையைப் பார்த்தது 2021 நவம்பர் 1-ல்தான், அதுவும் இரண்டாம் வகுப்பாக. எங்கள் தெருவில் போன் வீட்டுக்கு ஒன்று, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிய நேரத்தில் பிள்ளைகள் கட்டு போட்டார்கள். பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்தது, சின்ன வகுப்புகளுக்கு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இரண்டும் உதவின, என் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு எந்தத் திட்டமும் முழுசாகப் போய்ச் சேராது. அந்தப் பிள்ளைகள்தான் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போவது 2030-ல். அதற்குள் செய்ய நமக்கு நேரம் இருக்கிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பில் என்ன ஆகிறது என்றால், பிள்ளையைத் தெரிந்த ஆள் இல்லாமல் போய்விடுகிறார். தொடக்கப் பள்ளியில் ஒரே டீச்சர். யாருக்கு என்ன வரும், யார் வீட்டில் என்ன சண்டை என்பதுவரை அவருக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு மணி. வரலாறு எடுப்பவர், இவனுக்குப் படிக்க வராது என்பதைக் கண்டுபிடிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அது தமிழாசிரியர் பார்க்க வேண்டியது என்று விட்டுவிடுகிறார். தமிழாசிரியருக்கு ஐந்து வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம். கடைசியில் அந்தப் பையன் யார் கணக்கிலும் வரமாட்டான். அழகாகப் பார்த்து எழுதுகிறான், சத்தம் போடுவதில்லை, டிக் விழுந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புவரை இப்படியே ஓடுகிறது. இதற்கு மருந்து பிள்ளைகளைப் பெயிலாக்குவதுதான் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். பெயிலான பிள்ளை மறுபடி அதே வகுப்பில், அதே போர்டைப் பார்த்து அதையே வரைவான். அவன் அம்மா சீக்கிரமே நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்கள் தெருவில் அந்தப் பொங்கலும் கிச்சடியும் செய்த வேலையை நான் சொல்லி முடியாது. காலையில் இலை வெட்டுவதற்கு அம்மாக்கள் உட்கார்ந்துவிடுவார்கள், அடுப்பு பற்றவைக்க எட்டு ஒன்பது ஆகிவிடும். ஐந்தாம் வகுப்புவரை வயிறு நிறைந்து உட்கார்ந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் முதல் மணியே பசியோடு உட்காருகிறான். எல்லாப் பாடமும் கடினமாகும் அதே வருடத்தில் காலைச் சாப்பாடும் நின்றுபோகிறது.

என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அவனும் அழகாக எழுதுவான். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டு, "பத்துக்கு வந்தா பெயில்தாம்மா ஆவான், ஸ்கூலுக்கும் பேரு கெட்டுடும். டி.சி. வாங்கிக்குங்க, பிரைவேட்டா எழுதட்டும்" என்றார்கள். அம்மா கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். பிரைவேட்டாக எழுதுவது என்றால் என்ன, எங்கே பணம் கட்டுவது, யார் சொல்லித்தருவது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவன் எழுதவே இல்லை. இப்போது தோல் தொழிற்சாலையில் இருக்கிறான், கைத்தோல் உரிந்துகிடக்கும். அந்தப் பள்ளியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தத் தலைமை ஆசிரியர் மேலும் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. கூட்டத்தில் அவரிடம் கேட்கப்போவது ஒரே ஒரு எண்தான், அந்த எண்ணை என் தம்பி குறைத்துவிடுவான் என்று அவர் பயந்தார். என் தம்பி அந்த ஆண்டு எந்த சதவீதத்திலும் சேரவில்லை. தேறியவன் கணக்கிலும் இல்லை, தவறியவன் கணக்கிலும் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் முதலில் கேட்பது, கூட்டத்தில் நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். தேர்ச்சி எத்தனை சதவீதம் என்பதற்கு முன்னால், "ஐந்து வருடத்துக்கு முன்னால் உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர்? அவர்களில் இந்த வருடம் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? மீதிப் பிள்ளைகள் இன்று எங்கே?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் எமிஸ் எண் இருக்கிறது. வேறு பள்ளிக்குப் போனானா, வேலைக்குப் போனானா, கல்யாணம் கட்டி அனுப்பிவிட்டார்களா என்று பெயர் பெயராகப் பார்க்க முடியும். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால், எந்தப் பள்ளியும் ஒரு தாயிடம் டி.சி.யை நீட்டாது. முதல் வருடம் நம் தேர்ச்சி சதவீதம் இன்னும் குறையலாம். குறையட்டும். அந்த வருடம் தலைமை ஆசிரியர்களைத் திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, ஜூன் ஜூலையிலேயே ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று, பெருக்கல் ஒன்று. மார்க் வேண்டாம், ஆன்லைனில் ஏற்ற வேண்டாம். படிக்க வராதவர்களின் பெயர்ப் பட்டியல் பள்ளியிலேயே இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஒரு ஆசிரியர் என்று பொறுப்பு இருக்கட்டும். தினமும் முதல் பாடவேளையில் அவர்களுக்கு அவர்கள் நிலையிலிருந்து படிக்கச் சொல்லித்தரட்டும். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதைப் பிரதம் என்ற தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் செய்து காட்டியிருக்கிறது. என் தெருவில் நானும் செய்து பார்த்தேன். அந்தக் கையெழுத்துப் பையன் நான்கு மாதத்தில் பஸ் போர்டு படித்தான். பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்தால் இன்னும் சீக்கிரம் வரும். அதுவரை அந்த முதல் மணியில் பாடம் முடிக்கவில்லை என்று யாரும் அவரைக் கேட்கக் கூடாது. இந்த ஒரு உறுதியை மேலிருந்து நீங்கள் கொடுத்தால்தான் அவர் தைரியமாகச் செய்வார்.

இதை முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. படிப்பு வராமல் தவிக்கும் பிள்ளைகள் ஒரே துறையின் கீழ் இல்லை. காலனிப் பிள்ளைகள் பலர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில், மலைப் பிள்ளைகள் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில், டவுன் பிள்ளைகள் நகராட்சிப் பள்ளியில், பேர்ணாம்பட்டில் உருது வழிப் பள்ளியில். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிவிட்டுத் தமிழில் பாடம் கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் வாசிப்பில் தனிக் கவனம் வேண்டும். இத்தனை துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மாவட்டத்தில் உங்கள் ஒருவரால்தான் முடியும்.

ஜவ்வாது மலையைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தது குறைவு. இரண்டு முறை பீஞ்சமந்தைப் பக்கம் போயிருக்கிறேன். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மூன்று ஊராட்சிகளிலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். காபித் தோட்டத்துக்கும் மிளகு பறிக்கவும் குடும்பத்தோடு கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போகும் வழக்கம் உண்டு. பெரிய பிள்ளையை விடுதியில் விட்டாலும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயதுப் பெண்ணை உடன் அழைத்துப்போகிறார்கள். அவள் திரும்பிவரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். கீழே செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இருக்கும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே, எந்த வீடு எந்த மாதம் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியலை முன்கூட்டியே எடுத்து, அந்த மாதங்களுக்கு மட்டுமாவது சின்னப் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடமும், அவர்களை நம்பி விட்டுப்போக ஒரு பெண் பணியாளரும் இருந்தால் தாய்மார்கள் விட்டுப்போவார்கள் என்றே நினைக்கிறேன். நான் பேசிய இரண்டு அம்மாக்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

என் தெருவுக்கு வருகிறேன். மாலை நான்கரைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முறம் காத்திருக்கும். பத்துக்குப் பத்து அறை, நடுவில் தூள், நனைத்த இலை, டிவி. அங்கே உட்கார்ந்து யாரால் வீட்டுப்பாடம் எழுத முடியும்? டியூஷன் போகும் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் உள்ள தூரம் தினமும் இந்த மூன்று மணி நேரத்தில்தான் கூடுகிறது. அதனால் பீடித் தெருக்களிலும், தறி ஓடும் தெருக்களிலும், காலனிகளிலும், விளக்கு எரியும் ஒரு இடம் மாலை ஐந்தரை முதல் எட்டு வரை வேண்டும். அங்கன்வாடிக் கட்டடம் மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது, சமுதாயக் கூடமும் அப்படித்தான். ஒரு கிண்ணம் சுண்டல் வேண்டும். சுண்டல் இருந்தால் பிள்ளையை அனுப்பும் தாய்மார்களை எனக்குத் தெரியும், மாலைப் பசிக்கு வீட்டில் ஒன்றும் இருக்காது. அதே தெருவில் பன்னிரண்டாவதோ டிகிரியோ முடித்த ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவையுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு நான் வந்தேன், என் தோழிகள் மூன்று பேர் அதே ஆயிரத்துக்கு நிலைக்க முடியாமல் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

காலை உணவை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நீட்ட வேண்டும் என்று அரசுக்கு நீங்கள் எழுதுங்கள். மாநிலம் முழுக்க உடனே முடியாவிட்டால் கடைசி இடத்தில் இருக்கும் நம் மாவட்டத்தில் தொடங்கச் சொல்லுங்கள். காலிப் பணியிடங்களைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் உங்களிடம் சொல்லியிருக்கும், அதனால் நான் நீட்டவில்லை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, எல்லாம் நல்ல திட்டங்கள். எங்கள் தெருவில் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு காலேஜ் போகும் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் வரும். எங்கள் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளைப் படிக்கவே வராதபோது அந்தப் பணம் எப்படி வீடு வந்து சேரும்?

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒரு மாலை எங்கள் தெருவுக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் தெருவைப் பெருக்கிக் கோலம் போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் எப்போதும் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களால் பார்க்க முடியாது. ஆறு மணிக்கு மேல் வந்தால் எல்லோரும் இருப்போம். இந்த வருடம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நான்கு பேர் புதிதாக வருகிறார்கள், அவர்களை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரும்போது மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் நான்கு கொண்டு வாருங்கள். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் நடுப்பக்கங்கள் கிழிந்துவிட்டன.

இப்படிக்கு,
முன்னாள் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஒருத்தி,
குடியாத்தம்.